காஞ்சி கைலாசநாதர் கோயில்: பாட்டு கிடைக்காததாலதான் பல்லவர் விட்டுட்டுப் போன உருவத்துலயே நிக்குதா?

தொண்டைநாட்டான்:
ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்குற விஷயம், இங்க விவரம் தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்கீங்கன்னு கொட்டிடறேன். காஞ்சிபுரம் வர்றவங்க காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதர்னு ஓடுவாங்க, அப்புறம் பட்டுக்கடை, அப்புறம் பஸ். ஊருக்கு மேற்க பிள்ளையார்பாளையம் தாண்டி இருக்குற கைலாசநாதர் கோயிலுக்கு வர்றது பாதிப் பேர் கூட இருக்காது. ஆனா இன்னைக்கு காஞ்சிபுரத்துல பல்லவ ராஜா ஒருத்தன் கட்டினது கிட்டத்தட்ட அவன் நெனச்ச வடிவத்துலயே நிக்குதுன்னு சொல்லணும்னா முதல்ல காட்ட வேண்டியது இந்தக் கோயிலைத்தான். கட்டினது ராஜசிம்மன், அதாவது இரண்டாம் நரசிம்மவர்மன், சுமார் 700லேர்ந்து 728 வரைக்கும் ஆண்டவன். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், விழுப்புரம் பக்கம் பனமலை தாளகிரீசுவரர் கோயில் இதெல்லாமும் அவன் கட்டினதுதான்.

என் எண்ணம் என்னன்னா, அப்பரும் சம்பந்தரும் ராஜசிம்மனுக்கு முந்தி வாழ்ந்தவங்க, அதனால இந்தக் கோயிலுக்குத் தேவாரம் கிடைக்கல. தேவாரம் இல்லாததால பின்னாடி வந்த சோழனோ விஜயநகரத்துக்காரனோ நாயக்கனோ வந்து ராஜகோபுரம், ஆயிரங்கால் மண்டபம், மூணு பிராகாரம்னு எதையும் சேர்க்கல. ஏகாம்பரநாதர் எப்படி வளர்ந்துதுன்னு பாருங்க, 1509ல கிருஷ்ணதேவராயர் கட்டின தெற்கு ராஜகோபுரம்தான் இன்னைக்கு அந்தக் கோயிலோட முகமே, அங்க பல்லவர் காலத்து பாகம் எதுன்னு தேடித்தான் பாக்கணும். பாடல் பெற்ற தலம் ஒவ்வொண்ணும் திருப்பணி திருப்பணின்னு மாறிக்கிட்டே போச்சு, பாடப்படாத இது மட்டும் அப்படியே நின்னுடுச்சு. இது சரியா? மாத்துக் கருத்து இருந்தா சொல்லுங்க, கேக்க ஆசையா இருக்கு.

தறிக்காரவீடு:
வணக்கம் அண்ணா. நான் பிள்ளையார்பாளையம், எங்க வீட்ல இன்னும் தறி ஓடுது. நீங்க சொல்றது வெளியூர்லேர்ந்து வந்து பாக்குறவங்களுக்கு சரியா இருக்கலாம், எனக்கு கொஞ்சம் வலிக்குது. "அப்படியே நிக்குது"ன்னு எல்லாரும் சந்தோஷமா சொல்றீங்க, கல்லு நிக்குது சரி, கோயில் நிக்குதான்னு கேக்கணும்ல? தினம் குருக்கள் வந்து பூஜை பண்றார், மகா சிவராத்திரிக்கு கூட்டம் தாங்காது, கர்ப்பகிரகத்தைச் சுத்தி ஒரு குறுகலான வழி இருக்கு, தவழ்ந்து உள்ள போயி தவழ்ந்துதான் வெளிய வரணும், அப்படி வந்தா மறுபிறவி கிடையாதுன்னு எங்க ஆயா காலத்துலேர்ந்து சொல்லுவாங்க. ஆனா தேர் கிடையாது, திருவிழான்னு வீதியில சாமி வர்றது கிடையாது. வர்றவங்க பாதிப் பேர் போட்டோ எடுத்துட்டு சாமி கும்பிடாமயே போறாங்க. எங்களுக்கு இது கோயில் அண்ணா, மியூசியம் இல்ல. எதையும் சேர்க்காததைப் பெருமையா சொல்றப்ப அங்க விளக்கு குறைஞ்சதையும் சேத்து சொல்லணும்னு நினைக்கிறேன்.

கல்வெட்டு_வாசகி:
ரெண்டு பேருக்கும் பதில் சொல்ற மாதிரி ஒரு கல்வெட்டு அந்தக் கோயில்லயே இருக்கு. அதுக்கு முன்னாடி ஒண்ணு, தேவாரம் கிடைக்காததுக்கு காலம் மட்டும் காரணமா இருக்க முடியாது. சுந்தரர் இருக்காரே. அவர் ராஜசிம்மனுக்குப் பின்னாடி வந்தவர்னுதான் பெரும்பாலும் கணிக்கிறாங்க. கைலாசநாதருக்கு ரொம்ப பக்கத்துல இருக்குற அனேகதங்காவதம்ன்ற சிவன் கோயிலுக்கு அவர் பதிகம் பாடியிருக்கார், ஏகம்பம், மேற்றளி, ஓணகாந்தன்தளின்னு காஞ்சியிலயே மத்த தலங்களையும் பாடியிருக்கார், இத்தனை பெரிய கற்றளியை, அதாவது கல்லுல கட்டின கோயிலை, பாடல. ராஜா தன் பேர்ல எடுத்த கோயில், ராஜசிம்ம பல்லவேச்சுரம்னு சொல்ற கோயில், அதனால ஊர்க் கோயில்களைப் பாடின மாதிரி இதைப் பாடலையோன்னு எனக்குத் தோணும், இது என் யூகம்தான்.

இப்ப கல்வெட்டு. சோழர் காலத்துல இது ஓய்ஞ்சு கெடந்த கோயில் இல்லவே இல்ல. "கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி"ன்னு அப்ப பேரு. சுத்துப்பட்டு ஊர்ச் சபைக்காரங்க இந்தக் கோயில் பண்டாரத்துலேர்ந்து ஆதிதாச சண்டேசுவரர் (சிவன் கோயில் சொத்துக்குப் பொறுப்பா கருதப்பட்டவர்) பேர்ல பொன் கடன் வாங்கியிருக்காங்க, வருஷா வருஷம் வட்டி கட்டறோம்னு கல்லுல எழுதிக் குடுத்திருக்காங்க. கடன் குடுக்குற அளவுக்கு பொன் வெச்சிருந்த கோயில்.

அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு விஜயநகர கம்பண உடையார் காலத்து கல்வெட்டு சொல்லுது, 1364 வாக்குல. குலோத்துங்க சோழ தேவர் காலத்துல இந்தக் கோயிலை மூடிட்டாங்க, சொத்தை வித்துட்டாங்க, நிலத்தையும் கோயிலைச் சுத்தி இருந்த இடத்தையும் அனேகதங்காவதத்து சாமிக்கு மாத்திட்டாங்க, அதையெல்லாம் திரும்ப இந்தக் கோயிலுக்கே குடுக்கணும்னு உத்தரவு. அதாவது பாட்டு இல்லாத கோயிலோட சொத்து பாட்டு இருந்த கோயிலுக்குப் போயிருக்கு! தொண்டைநாட்டான் சார் சொன்ன கதையில இந்த நடுப்பக்கம் விடுபட்டிருக்கு. யாரும் கை வெக்காம அமைதியா நின்ன கோயில் இல்ல இது, மூடப்பட்டு, சொத்து போயி, ஒரு காலம் கழிச்சு உத்தரவு போட்டு மீட்கப்பட்ட கோயில்.

தொண்டைநாட்டான்:
அருமை மேடம். அப்ப பாட்டு இல்லாதது நேரடிக் காரணம் இல்லேன்னாலும், மூடி வெச்ச காலமும் சொத்து இல்லாத காலமும்தான் கூடுதல் கட்டடம் வராம தடுத்துச்சுன்னு எடுத்துக்கலாமா? சோழர் திருப்பணி உச்சத்துல இருந்தப்ப இது மூடிக் கெடந்திருக்கு, நாயக்கர் கோபுரம் எழுப்புற காலத்துலயும் பெரிய வருமானம் இல்லாத கோயிலா இருந்திருக்கு. இதுதான் கேக்கவே பொருத்தமா இருக்கு.

உளிச்சத்தம்:
எங்க குடும்பம் கல் வேலை, சுதை வேலை ரெண்டும் பண்றவங்க. "அப்படியே நிக்குது"ன்னு சொல்றதுல நான் கொஞ்சம் இடையில பூந்து பேசணும், ஏன்னா கண்ணுக்குத் தெரியறது எல்லாமே பல்லவன் கை இல்ல.

முதல்ல கல்லைப் பாருங்க. கோயில் பெரும்பாகம் மணற்கல். அடித்தளத்துல மட்டும் சில வரிசை கருங்கல் குடுத்திருக்காங்க, தரையிலேர்ந்து ஏறுற ஈரத்தையும் மேல இருக்குற பாரத்தையும் தாங்கணும்ல, அதுக்குத்தான். விமானத்தைச் சுத்தி ஓடுற பெரிய சமஸ்கிருத கல்வெட்டு இன்னைக்கும் படிக்கிற மாதிரி இருக்குதுன்னா அதுக்கும் இந்தக் கருங்கல் ஒரு காரணம். மேல இருக்குற மணற்கல்லு உளிக்கு இதமா போகும், நகை வேலை மாதிரி நுணுக்கம் வரும், ஒரு சுவத்துல இத்தனை சிற்பத்தை நெருக்கி அடிக்க முடிஞ்சதே அதனாலதான். ஆனா ஈரமும் உப்பும் ஏறினா மாவா உதிரும். அதனால காலங்காலமா மேல சுண்ணாம்புச் சுதை பூசியிருக்காங்க. பல்லவர் காலத்துலயே மெல்லிசா சுதை பூசி வர்ணம் தீட்டித்தான் இருந்துது, அது வேற. பின்னாடி பழுது பாத்தவங்க தடிமனா அப்பி, மூக்கு கண்ணு கை எல்லாம் தங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி புடிச்சுட்டாங்க. மதிலை ஒட்டி சுத்தி இருக்குற சின்ன கோயில்கள்ல ஒரு சிற்பம் முகம் உப்பலா, கண்ணு பிதுங்கின மாதிரி இருந்தா அது பெரும்பாலும் பிந்தின சுதை. சுதை பேந்து போன எடத்துல உள்ள பாத்தீங்கன்னா கல்லுல இருக்குற இடுப்பு வளைவும் விரலும் அப்படி ஒரு கூர்மை. போறவங்க தயவு செஞ்சு அந்தப் பேந்து போன எடத்தைத் தேடிப் பாருங்க, ராஜசிம்மன் காலத்து சிற்பி அங்கதான் நேர்ல தெரிவான்.

இன்னொண்ணு, முன்னாடி இருக்குற பெரிய மண்டபம் மொதல்ல விமானத்தோட ஒட்டாம தனியா நின்னுது. ரெண்டுக்கும் நடுவுல பிற்காலத்துல ஒரு மண்டபம் கட்டி இணைச்சுட்டாங்க. அதனால கிழக்கேர்ந்து பாக்குறப்ப விமானத்தோட முழு உயரமும் அடியிலேர்ந்து கிடைக்கிறதில்ல, பக்கவாட்டுல போயி நின்னாத்தான் கிடைக்கும். ஆக எதுவுமே சேர்க்கலேன்னு சொல்ல முடியாது, கம்மியா சேர்த்தாங்கன்னு சொல்லலாம்.

வேகவதி:
உளிச்சத்தம் அண்ணா, கட்டட அமைப்பு பத்தி இன்னும் கொஞ்சம் விரிவா சொல்ல முடியுமா? நான் பி.ஆர்க் படிக்கிறேன், எங்க சிலபஸ்ல இது ஒரு பாரா கூட இல்ல.

உளிச்சத்தம்:
சொல்றேன் தங்கச்சி. மண்டகப்பட்டுலேர்ந்து ஆரம்பிக்கணும். முதலாம் மகேந்திரவர்மன் அங்க ஒரு குகைக்கோயில் குடைஞ்சு, செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம மும்மூர்த்திக்கு கோயில் எடுத்தேன்னு எழுதி வெச்சான். அது ஏழாம் நூத்தாண்டு தொடக்கம். அடுத்து மாமல்லபுரத்து ரதங்கள், பாறையை மேலேர்ந்து கீழ செதுக்கி எடுத்தது. அதுக்கப்புறம் ராஜசிம்மன் காலத்துலதான் கல்லை வெட்டி எடுத்து, அடுக்கி, இவ்வளவு பெருசா கட்ற வேலை. மகேந்திரன் குடைஞ்சதுலேர்ந்து இது வரைக்கும் நூத்திச் சொச்சம் வருஷம்தான். பாறைக்குள்ள இருக்குறதை வெளிய எடுக்குற வேலையும் கல்லு மேல கல்லு வெச்சு பாரத்தைக் கீழ எறக்குற வேலையும் முழுக்க வேற வேற வித்தை, அந்த நூறு வருஷத்துக்குள்ள தொண்டை மண்டலத்துல ரெண்டையும் கைவசப்படுத்திட்டாங்கன்றதை நெனச்சா எனக்கு இன்னைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

விமானத்தைக் கவனி. சதுரமான நடுக்கட்டடம், அதோட மூலையிலயும் பக்க நடுவுலயும் சின்னச் சின்ன சன்னிதிகளை ஒட்ட வெச்சு கட்டியிருக்காங்க, ஒவ்வொண்ணுக்கும் தனி கூரை, தனி சிகரம். பாக்க அழகுக்கு மாதிரி தெரியும், ஆனா நடுவுல ஏறுற பெரிய பாரத்துக்கு அந்தச் சின்ன சன்னிதிங்க பக்கவாட்டு தாங்கலும் குடுக்குது. மேல தளம் தளமா கர்ணகூடு (மூலையில வர்ற சின்னக் கூடு), சாலை (நடுவுல வர்ற நீளக் கூரை)ன்னு ஏறும், ஒவ்வொரு தளமும் கீழ இருக்குறதை விட உள்ள இழுத்து. அப்புறம் தூண் எல்லாத்துலயும் பின்னங்கால்ல எழும்பி நிக்கிற சிங்கம். மகேந்திரன் காலத்துத் தூண்ல சிங்கமே கெடையாது, மாமல்லன், அதாவது முதலாம் நரசிம்மவர்மன் காலத்துல தூணடியில உக்காந்திருக்கும், ராஜசிம்மன் காலத்துல எழும்பி நின்னுடும். ஒரு கோயிலுக்குப் போனதும் இவன் காலமான்னு சொல்ல அதுவே பாதி போதும்.

சுத்தி மதிலை ஒட்டி 58 சின்ன கோயில். ஒவ்வொண்ணும் ஒரு முழு விமானம் மாதிரியே அதிஷ்டானம் (அடித்தளம்), சுவர், கூரை எல்லாம் உண்டு. உள்ள சோமாஸ்கந்தர் (சிவன், உமை, நடுவுல குழந்தை முருகன்), அர்ஜுனனுக்கும் சிவனுக்கும் சண்டை, கங்காதரர், லிங்கோத்பவர்னு ஒவ்வொண்ணுலயும் வெவ்வேற. சிலதுக்குள்ள ஓவியம் ஒட்டிக்கிட்டு இருக்கு, மங்கலான சிவப்பும் கருப்புக் கோடும், 1931ல ழுவோ துப்ரேய்ன்ற பிரெஞ்சுக்காரர்தான் அதை வெளி உலகத்துக்குச் சொன்னார். மூலவர் லிங்கம் உருண்டையா இருக்காது, பதினாறு பட்டை, பின் சுவத்துல சோமாஸ்கந்தர். இதுவும் ராஜசிம்மன் காலத்து வழக்கம்.

சோழப்பித்தன்:
சூப்பர் இழை. எல்லாரும் சொல்வாங்களே, ராஜராஜன் இந்தக் கோயிலைப் பாத்து மயங்கித்தான் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டினான்னு, அது உண்மையா? பெரிய திருக்கற்றளின்னு பேர் வெச்சதே அவன்தான்னு ஒரு வீடியோவுல பாத்தேன்.

கல்வெட்டு_வாசகி:
சோழப்பித்தன் தம்பி, கல்வெட்டு சொல்றது இவ்வளவுதான்: சோழர் காலத்துல இந்தக் கோயிலுக்கு கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளின்னு பேர் வழங்குச்சு. தஞ்சாவூர்ல ராஜராஜன் "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி"ன்னு எழுதினான். இந்த ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்குறப்ப மனசுக்கு நல்லா இருக்கும். ஆனா நான் காஞ்சிக்கு வந்தேன், பாத்தேன், அதனால தஞ்சையில கட்டினேன்னு ராஜராஜன் எங்கயும் எழுதி வெக்கல. பாத்திருக்க வாய்ப்பு நிறைய, தொண்டை மண்டலம் அவன் ஆட்சியில இருந்த நாடு. கட்டட முறையில கருவறையைச் சுத்தி உள்சுத்து வழி வெக்கிறது ரெண்டுலயும் இருக்கு. அதோட நிறுத்திக்கிறது நல்லது. ராஜராஜனோட பெருமைக்கு தஞ்சாவூரே போதும், அதுக்காக காஞ்சி மேல கதை ஏத்த வேண்டியதில்ல.

கதையே இல்லாம கல்லுலயே எழுதி இருக்குற தொடர்பு ஒண்ணு இருக்கு. கர்நாடகா பக்கம் யாராவது இருக்கீங்களா?

மலப்பிரபா_கரை:
இருக்கேன் மேடம். ஹூப்ளியில வேலை, பட்டடக்கல் எனக்குப் பக்கம், லீவு கெடைச்சா அங்கதான். இது நான் சொல்லியே ஆகணும்.

642ல மாமல்லன் சாளுக்கியரோட தலைநகர் வாதாபியைப் புடிச்சது எல்லாருக்கும் தெரியும், பள்ளிக்கூட புஸ்தகத்துலயே வரும். அதுக்கப்புறம் சாளுக்கிய ராஜா முதலாம் விக்கிரமாதித்தன் காஞ்சி மேல வந்தான், ராஜசிம்மனோட அப்பா பரமேசுவரவர்மன் அவனைத் திருப்பி அடிச்சான், கைலாசநாதர் விமானக் கல்வெட்டுலயே ரணரசிகனோட ஊரை அழிச்சவன்னு அப்பாவைப் புகழ்றான் மகன். ரணரசிகன்னா அந்த விக்கிரமாதித்தன்தான். இப்படி மூணு தலைமுறையா ரெண்டு பக்கமும் ஊரைக் கொளுத்துற பகை. இந்தப் பகைக்கு நடுவுல ராஜசிம்மன் கோயில் கட்டி முடிச்சுட்டுப் போயிட்டான், பின்னாடி இரண்டாம் நந்திவர்மன் சின்ன வயசுல பட்டத்துக்கு வந்தான், அந்தச் சமயத்துல இரண்டாம் விக்கிரமாதித்தன் படையோட காஞ்சிக்குள்ள நுழைஞ்சான். 733க்கும் 745க்கும் நடுவுல ஆண்டவன் அவன்.

நுழைஞ்சவன் என்ன பண்ணியிருப்பான்னு நாம நெனப்போம்? ஆனா கைலாசநாதர் கோயில் மண்டபத் தூண்ல கன்னடத்துல ஒரு கல்வெட்டு இருக்கு. காஞ்சியைப் புடிச்ச பிறகும் ராஜசிம்மேச்சுரத்தோட, அதாவது இதே கோயிலோட செல்வத்தை எடுத்துக்காம சாமிக்கே திருப்பிக் குடுத்தான்னு சொல்லுது. அவன் மகன் கீர்த்திவர்மன் காலத்து வக்கலேரி செப்பேடு, 757ஆம் வருஷம், அதுலயும் நரசிம்மபோதவர்மன் (நம்ம ராஜசிம்மன்தான்) கட்டின ராஜசிம்மேச்சுரம் முதலான கற்கோயில்களுக்கு பொன் குடுத்ததைச் சொல்லி இருக்கு. பல்லவன் பெருமையை சாளுக்கியன் தன்னோட செப்பேட்டுல எழுதி வெச்சிருக்கான் பாருங்க. எதிரி எழுதின நற்சாட்சி இது.

அதோட முடியல. அவன் ராணி லோகமகாதேவி பட்டடக்கல்ல லோகேசுவரம்னு ஒரு கோயில் எடுத்தா, இப்ப விரூபாட்சர்னு சொல்றது. காஞ்சியை மூணு தடவை வென்ற விக்கிரமாதித்தனோட ராணி எடுத்ததுன்னு அங்க கன்னடக் கல்வெட்டு. கட்டின சூத்திரதாரி, அதாவது தலைமைச் சிற்பி பேர் குண்டன், இன்னொருத்தர் சர்வசித்தி ஆச்சாரி. தங்கை ராணி திரைலோக்கிய மகாதேவி பக்கத்துலயே இன்னொண்ணு, மல்லிகார்ஜுனர். விரூபாட்சர் கோயிலுக்குள்ள போயி நின்னு, மதிலைச் சுத்தி சின்ன சன்னிதி வரிசை, நடுவுல உயரமான விமானம், முன்னால தனி நந்தின்னு பாத்தப்ப காஞ்சியோட சொந்தம்னு எனக்கு உடனே தோணுச்சு. அதுக்கப்புறம் ராஷ்டிரகூட முதலாம் கிருஷ்ணன் எல்லோராவுல ஒரே மலையைக் குடைஞ்சு கைலாசம் எடுத்தான், அதுக்கு விரூபாட்சர் கோயில்தான் முன்மாதிரின்னு பல ஆராய்ச்சியாளருங்க சொல்றாங்க.

சோழப்பித்தன்:
அப்ப தமிழ்நாட்டு சிற்பிங்களைத்தான் கூட்டிட்டுப் போயி அங்க கட்டினாங்கன்னு சொல்றது சரிதானே?

மலப்பிரபா_கரை:
அங்கதான் நான் நிதானமா போவேன் தம்பி. சர்வசித்தி ஆச்சாரியைத் தென்திசைச் சூத்திரதாரின்னு கல்வெட்டு சொல்லுது. அது காஞ்சிப் பக்கத்தைக் குறிக்குதுன்னு ஒரு சாரார், சாளுக்கிய நாட்டுக்குள்ளயே தென்பகுதியைக் குறிக்குதுன்னு இன்னொரு சாரார். அதே சமயம் பாதாமியிலயும் ஐஹொளேயிலயும் அதுக்கு முன்னாடியே நூறு வருஷத்துக்கும் மேல கல்கட்டட வேலை நடந்திருக்கு, பாதாமி மேல் சிவாலயம் மாதிரி தெற்கத்தி விமானம் ஏழாம் நூத்தாண்டுலயே அங்க இருக்கு. விரூபாட்சர் கோயில் உள்மண்டபமும் தூண்ல இருக்குற ராமாயண மகாபாரதக் காட்சியும் முழுக்க சாளுக்கியக் கை. பாத்து ரசிச்சு, தங்களோட வித்தையோட கலந்து கட்டினாங்கன்னு சொன்னா ரெண்டு பக்கமும் மரியாதை. நம்ம ஆளுங்க இல்லாம அவங்களால முடியாதுன்னு சொல்றது அந்த ஊர் ஆச்சாரிங்களுக்குச் செய்யிற அநியாயம், குண்டன் பேர் கல்லுல இருக்கு, நம்ம கைலாசநாதரைக் கட்டின தலைமைச் சிற்பி பேர் நமக்குத் தெரியாதே.

உளிச்சத்தம்:
கடைசி வரி என் மனசுல நேரா வந்து விழுந்துடுச்சு அண்ணே. ராஜாவோட பட்டப்பேர் இருநூத்தி அம்பது கிட்ட கோயில் பூரா செதுக்கியிருக்காங்க, செதுக்கினவன் பேர் இல்ல.

வேகவதி:
பட்டப்பேர் இருநூத்தி அம்பதா? அது எங்க இருக்கு?

கல்வெட்டு_வாசகி:
அந்த 58 சின்ன கோயில்களோட அடித்தளத்துல வேகவதி. அத்யந்தகாமன், ரணஜயன், சிவசூடாமணி, ஆகமப்ரியன், வாத்யவித்யாதரன், இப்படி வரிசையா ஓடும். வலப்பக்க ஆரம்பத்துல இருக்குற சன்னிதியில அதே பட்டங்களை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வேற வேற எழுத்து வடிவத்துல வெட்டியிருக்காங்க. பூவேலை செஞ்ச மாதிரி அலங்காரப் பல்லவ கிரந்தம் ஒரு பக்கம், வடக்கத்தி நாகரி சாயல்ல இன்னொரு பக்கம். பக்தி, வீரம், சங்கீதம், யானை, வில்லு எல்லாத்துக்கும் ஒரு பட்டம் இருக்கு. ராஜா தன்னைப் புகழ்ந்துக்கிட்டான்னு மட்டும் பாக்காதீங்க, எட்டாம் நூத்தாண்டு காஞ்சியில எத்தனை விதமா எழுதத் தெரிஞ்சவங்க இருந்தாங்கன்றதுக்கு அந்தக் கல்லு சாட்சி. 720ல சீன ராஜசபைக்கு தூது அனுப்பின ராஜா இவன், அந்த ஊருக்கு எத்தனை தேசத்து ஆளுங்க வந்து போயிருப்பாங்கன்னு யோசிச்சா வடக்கத்தி எழுத்து இருக்குறது ஆச்சரியமே இல்ல.

விமானத்தைச் சுத்தி இருக்குற கல்வெட்டு இன்னும் முக்கியம். பன்னெண்டு சுலோகம். பிரம்மாவுலேர்ந்து பரத்வாஜர், துரோணர், அசுவத்தாமன்னு வம்சத்தை எறக்கி வந்து ராஜசிம்மன்ல முடியும். அதுல ரெண்டு இடத்தை நான் யாருக்கும் காட்டாம விடமாட்டேன். ஒண்ணு, சைவ சித்தாந்த மார்க்கத்துல மலம் நீங்கினவன்னு அவனைச் சொல்ற இடம். சைவ சித்தாந்தத்துக்கு சிவஞான போதம் எழுதின மெய்கண்டாருக்கு ஐநூறு வருஷம் முன்னாடி காஞ்சியில அந்தச் சொல்லு கல்லுல இருக்கு! இன்னொண்ணு அசரீரி. துஷ்யந்தன் மாதிரி ராஜாக்கள் கிருத யுகத்துல அசரீரி வாக்கு கேட்டாங்க, கலியுகத்துல இவன் கேட்டானே, என்ன ஆச்சரியம்னு ஒரு சுலோகம்.

தொண்டைநாட்டான்:
மேடம் இந்த அசரீரிக்குத்தான் காத்துட்டு இருந்தேன். பூசலார் நாயனார் கதை! திருநின்றவூர்ல காசு இல்லாத அடியார் மனசுக்குள்ளயே கல்லு கல்லா கோயில் கட்டி கும்பாபிஷேகத்துக்கு நாள் வெக்கிறார், அதே நாள்ல காஞ்சியில கற்றளி எடுத்த காடவர் கோமானும் (பல்லவ ராஜா) நாள் வெக்கிறான், சாமி ராஜா கனவுல வந்து, நான் நாளைக்கு பூசல் கட்டின கோயிலுக்குப் போறேன், உன் விழாவை வேற நாளுக்கு மாத்திக்கோன்னு சொல்றார். சேக்கிழார் பன்னெண்டாம் நூத்தாண்டுல பாடினது, கல்வெட்டுல இருக்குற அசரீரி எட்டாம் நூத்தாண்டு. ரெண்டுலயும் காஞ்சிக் கற்றளி, பல்லவ ராஜா, தெய்வ வாக்கு. சுலோகத்துல பூசலார் பேர் இல்ல, அதனால ரெண்டும் ஒண்ணுதான்னு அடிச்சு சொல்லல, ஆனா நானூறு வருஷம் ஜனங்க வாய்ல ஏதோ ஒண்ணு ஓடி வந்து சேக்கிழார் காதுல விழுந்திருக்குன்னு நம்பறேன்.

இதுல எனக்குப் புடிச்சது, பதிகம் பாடப்படாத கோயில்னு ஆரம்பிச்சோம், கடைசியில பெரிய புராணத்துக்குள்ளயே இந்தக் கோயில் இருக்கு. அதுவும் ராஜாவை விட ஏழை கட்டின மனக்கோயில் ஒசந்ததுன்னு சொல்றதுக்கு உரைகல்லா இருக்கு.

தறிக்காரவீடு:
அண்ணா இது எங்க தெருவுல சின்னப் புள்ளைக்கும் தெரியும். எங்க அப்பா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறப்ப வாசல்லயே நின்னு இந்தக் கதையைச் சொல்லிட்டுத்தான் உள்ள விடுவார். நீங்க கல்வெட்டோட சேத்து சொன்னதைப் படிச்சுக் காட்டினேன், தறியை நிறுத்திட்டு கேட்டார்.

வாசல்னு சொன்னதும் இன்னொண்ணு கேக்கணும். நொழையிற எடத்துல நேரா ஒரு கோயில் மறிச்சுக்கிட்டு நிக்குது, பக்கத்துல சுத்திக்கிட்டுத்தான் உள்ள போறோம். அது எதுக்கு அப்படி?

உளிச்சத்தம்:
அது மகேந்திரவர்மேச்சுரம் தம்பி. ராஜசிம்மன் மகன் மூணாம் மகேந்திரவர்மன் எடுத்தது, அப்பா உயிரோட இருக்கறப்பவே. அதோட கூரையைப் பாரு, வண்டிக்கூண்டு மாதிரி நீளமா சாலை சிகரம். பின்னாடி கோபுரத்துக்கு மேல வந்த அதே உருவம். வாசல் இருக்க வேண்டிய இடத்துல, வாசல் கட்டடத்தோட உருவத்துல ஒரு சன்னிதி. தென்னாட்டு கோபுரம் எப்படி வளர்ந்துதுன்னு படிக்கிறவங்க இந்த இடத்துல நின்னுதான் ஆரம்பிக்கணும், வேகவதி நோட் பண்ணிக்கோ.

கல்வெட்டு_வாசகி:
அதுக்கு வெளிய, முன்பக்கம் வரிசையா எட்டு சின்ன சன்னிதி இருக்கே, அதை எல்லாரும் டிக்கெட் கவுண்டர் தாண்டற மாதிரி தாண்டிப் போயிடறாங்க. அதுல ஒண்ணு ரங்கபதாகைன்ற ராணி எடுத்தது, அவ பேரோட சமஸ்கிருத கல்வெட்டு அங்கயே இருக்கு. லோகமகாதேவி பட்டடக்கல்ல எடுக்கறதுக்கு முன்னாடியே காஞ்சியில ஒரு பல்லவ ராணி தன் பேர்ல சன்னிதி எடுத்திருக்கா. செம்பியன் மாதேவியை எல்லாருக்கும் தெரியும், அவங்களுக்கு இருநூறு வருஷத்துக்கு மேல முன்னாடி இவ. ரங்கபதாகை பேரைச் சொல்ல ஆள் இல்ல. பெண் குழந்தைகளைக் கூட்டிட்டு வர்றவங்க அந்த சன்னிதி முன்னாடி ரெண்டு நிமிஷம் நின்னு பேரைச் சொல்லிக் குடுங்க.

தறிக்காரவீடு:
சொல்றேன் அக்கா, என் பொண்ணுக்கு ஆறு வயசு. ஆனா என் பழைய கேள்வி இன்னும் நிக்குது. இத்தனை பெருமை இருக்குற கோயில்ல இன்னும் நாலு விளக்கு சேத்து ஏத்தி, பிரதோஷத்துக்கு ஊர்ச் சனம் உக்காந்து பதிகம் பாடினா கல்லுக்கு என்ன கெடுதல்?

உளிச்சத்தம்:
பாடினா ஒரு கெடுதலும் இல்ல தம்பி, பாடணும். எண்ணெய் விளக்கை மணற்கல் சிற்பத்துக்கு ஒட்டி வெக்காம, தரையில தள்ளி வெச்சுக்கிட்டா போதும், எண்ணெய்ப் புகை படிஞ்சா கல்லு மூச்சு விட முடியாது, ஓவியம் இருக்குற சின்ன சன்னிதிக்குள்ள சுத்தமா கூடாது. சிற்பம் மேல விபூதி, குங்குமம் அப்பறது, கற்பூரம் ஏத்தறது, சாஞ்சு நின்னு போட்டோ எடுக்குறது, இதை உங்க தெரு ஆளுங்க சொன்னா வர்றவங்க கேப்பாங்க. தண்ணி ஊத்திக் கழுவறேன்னு யாராவது ஆரம்பிச்சா மட்டும் கையைப் புடிச்சு நிறுத்துங்க.

தொண்டைநாட்டான்:
தறிக்காரவீடு தம்பி சொல்றதுக்கு என் முழு ஆதரவு. கம்பண உடையார் காலத்துல உத்தரவு போட்டு இதைத் திரும்பத் திறந்தது பூஜை நடக்கறதுக்காகத்தான், சிற்பம் பாக்கறதுக்காக இல்ல. அடுத்த பிரதோஷத்துக்கு நான் வர்றேன், பூசலார் புராணம் அங்க உக்காந்து படிக்கலாம், மொத்தம் பதினஞ்சு இருபது பாட்டுக்குள்ளதான் வரும். யார் யார் வர்றீங்க?

வேகவதி:
நான் வர்றேன், கிளாஸ்ல ரெண்டு மூணு பேரையும் கூட்டிட்டு. எத்தனை மணிக்கு வந்தா சிற்பமும் நல்லா பாக்கலாம்?

கல்வெட்டு_வாசகி:
கோயில் கிழக்குப் பாத்தது, காலையில வந்தா மேற்கு வரிசை சின்ன சன்னிதி மேல வெயில் நேரா விழும், எழுத்தும் சிற்பமும் தெளிவா தெரியும். பிரதோஷம் சாயங்காலம், அப்ப கிழக்கு வரிசைக்கு வெளிச்சம். மதியம் நடை சாத்துவாங்க, தவழ்ந்து போற வழி வேணும்னா அதுக்கு முன்னாடி வந்துடுங்க. கன்னடக் கல்வெட்டு நீங்களா தேடினா கிடைக்காது, முன்மண்டபத் தூண்ல பின்பக்கமா இருக்கு, டார்ச் எடுத்துட்டு வாங்க, நான் காட்டறேன்.

மலப்பிரபா_கரை:
லீவு கெடைச்சா நானும் வர்றேன். கன்னடம் படிக்கத் தெரிஞ்ச ஆபீஸ் நண்பர் ஒருத்தர் ரொம்ப நாளா இந்தத் தூணைப் பாக்கணும்னு கேட்டுட்டு இருக்கார், அவரையும் கூட்டிட்டு வரலாமா மேடம்?

கல்வெட்டு_வாசகி:
கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. அவர் வாயால படிச்சுக் கேக்கணும் எங்களுக்கு.